மரத்தூளடுப்புப் புகைவதேன்?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெருங்காடுகள் இல்லை. விறகுக்கென்று மரம் நட்டு வளர்ப்போரும் மிகச் சிலரே. காவோலை, பனைமட்டை, ஊமல், தென்னம்பொச்சு, சிரட்டை, வேலியிலிருந்து வெட்டிய கிளுவை, பூவரசங் கிளைகள் ஆகியனவே நெடுங்காலமாக நம்மவரின் அடுப்புகளுக்கு உணவாகி வந்துள்ளன. இவற்றோடு மரக்காலைகளிற் கழிவாகக் குவியும் மரத்தூளையும், நெல்லாலைகளிலிருந்து வெளியேறும் உமியையும் எரிபொருளாக்குவதற்கு வழிசெய்தது தகரத்தாலான மரத்தூளடுப்பாகும். 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் மின்சாரமும் மண்ணெண்ணெயும் அருமையாகிவிட்ட காலத்தில் இவ்வடுப்பு எத்தனையோ குடும்பங்களின் சோற்றுப்பானையைக் கொதிக்கச் செய்தது. பின்னர் எரிவாயு வந்தது. அடுப்பு கொல்லைப்புறம் போயிற்று. 2022ஆம் ஆண்டிலே எரிவாயுச் சிலிண்டருக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றும் கிடையாதுபோன வேளையிற் பலர் அதனை மறுபடியும் தேடியெடுத்தனர்.

எடுத்தவர்களுட் சிலர் ஒரு கிழமைக்குள்ளேயே அதைத் திரும்பவும் எறிந்துவிட்டனர். "கண் எரிகின்றது, சுவர் கறுக்கின்றது, பானை கொதிக்க மாட்டேனென்கின்றது" என்பதே அவர்கள் கூறும் குறை. சுன்னாகம் பகுதியிலே நாம் பார்வையிட்ட அடுப்புகளைப் பொறுத்தவரை, தகரத்திலே குற்றம் காணப்பட்டது மிக அரிது. தூளிலும், அதனை அடைத்த முறையிலும், காற்று செல்லும் வழியிலுமே பிழை இருந்தது. இம்மூன்றையும் திருத்துவதற்குப் பணச்செலவு எதுவும் இல்லை.

புகை என்பது யாது?

மரத்தை நெருப்பிலிட்டவுடன் மரம் நேரே எரிவதில்லை. முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகின்றது. பின்னர் வெப்பம் ஏற ஏற மரம் சிதைந்து, எரியத்தக்க வாயுக்களையும் கீல் போன்ற ஆவிகளையும் வெளிவிடுகின்றது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இவ்வாறு வாயுவாய் வெளியேறுவதாகும். எஞ்சுவது கரி. நாம் காணும் சுவாலை அந்த வாயுக்கள் எரிவதனால் உண்டாவதே. அவை எரிவதற்குப் போதிய சூடும் போதிய காற்றும் ஒருங்கே வேண்டும். இரண்டில் ஒன்று குறையினும் வாயு எரியாது வெளியேறும். அதுவே புகை. ஆகவே குசினிக்குள் மிதக்கும் ஒவ்வொரு புகைச் சுருளும், பானையின் அடியிலே எரிந்திருக்க வேண்டிய எரிபொருளே என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும். புகைக்கும் அடுப்பு தூளைக் கூடுதலாகத் தின்பதும் இக்காரணத்தினாலேயாம்.

இதனாற் கெடுவது பானை மாத்திரமன்று. வீடுகளில் இத்தகைய புகை நிறைந்த சமையலால் ஏற்படும் காற்று மாசினால் உலகெங்கும் 2020ஆம் ஆண்டில் ஏறக்குறைய 32 இலட்சம் மக்கள் உயிர் நீத்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அடுப்படியில் நிற்கும் தாய்மாரும், அவர்களின் இடுப்பிலிருக்கும் குழந்தைகளுமே இப்புகையை அதிகம் உட்கொள்வோர்.

ஈரமே முதற் பகை

பச்சை மரத்தை அரிந்து பெற்ற தூளில், எடையிற் பாதியளவுக்கு நீர் இருத்தல் கூடும். கையால் அளைந்து பார்த்தால் உலர்ந்தது போலவே தோன்றும். அது தோற்றமேயன்றி உண்மையன்று. ஒரு கிலோகிராம் தூளில் 300 கிராம் நீர் இருப்பதாகக் கொள்வோம். அந்நீரைச் சூடாக்கி ஆவியாக்குவதற்கு ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய 610 கலோரி வெப்பம் செலவாகும். மொத்தம் 1,83,000 கலோரி. அதே வெப்பத்தைப் பானைக்குச் செலுத்தினால் இரண்டரை லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்திருக்கலாம். ஒரு வீட்டாரின் காலைத் தேநீர் முழுவதும் தூளிலுள்ள ஈரத்தோடு போய்விடுகின்றது என்று கூறினும் பொருந்தும். நட்டம் இவ்வளவோடு நிற்பதில்லை. வெளியேறும் நீராவி அடுப்பின் உட்புறத்தைக் குளிர்விப்பதால், வாயுக்கள் தீப்பற்றும் சூட்டை அடைவதில்லை. தூள் சுவாலையின்றிக் கனன்று புகையும்.

அண்மையில் ஒரு கமக்காரரின் வெங்காயப் பயிரில் நோய் கண்டிருப்பதாக அறிந்து பார்வையிடச் சென்றவிடத்து, அவ்வீட்டு மூதாட்டியார், "தம்பி, வெங்காயத்தைப் பிறகு பாருங்கோ. முதல் வந்து இந்த அடுப்பைப் பாருங்கோ" என்றார். குசினி முழுவதும் வெண்புகை. "தூள் எப்ப எடுத்தனீங்கள், அம்மா?" என்று வினவியதற்கு, "இண்டைக்குக் காலமைதான். மரக்காலையில அரிய அரிய அள்ளிக்கொண்டு வந்தது" என்று பெருமையுடன் விடையிறுத்தார். புதியது நல்லது என்பது மரக்கறிக்குப் பொருந்தும், மரத்தூளுக்குப் பொருந்தாது.

உலர்த்தும் முறை எளிது. தூளைப் படங்கின் மீதோ சீமெந்துத் தரையிலோ இரண்டு அங்குலக் கனத்துக்கு மேற்படாது பரப்பி, இரண்டு மூன்று நாட்கள் நல்ல வெய்யிலில் விட்டு, நாளொன்றுக்கு இருமுறை கிளறிவிடல் வேண்டும். உலர்ந்துவிட்டதா என்பதை அறிய, ஒரு பால்பேணி நிறையத் தூளை எடுத்துத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்க. அதே தூளைத் தனியே ஒரு தட்டிலிட்டு மற்றத் தூளுடன் வெய்யிலில் வைத்து, நாள்தோறும் மாலையில் நிறுத்துப் பார்க்குக. எடை குறைவது நின்றபின் அதற்குமேல் வெய்யில் தேவையில்லை. தராசு இல்லாதோர் ஒரு பிடி தூளை இறுகப் பொத்திப் பிடித்துக் கையை விரித்துப் பார்க்கலாம். உருண்டையாக நின்றால் ஈரம் உண்டு. பொலபொலவென்று உதிர்ந்தால் எரிக்கலாம்.

சோழகக் காற்று வீசும் மாதங்களிலேயே மாரிக்கு வேண்டிய தூளை உலர்த்திச் சேமித்துக் கொள்ளல் நன்று. ஐப்பசி மழை தொடங்கிய பின்னர் தூளை உலர்த்த முயல்வது வீண்வேலை. சாக்கிலிட்ட தூளை நிலத்தில் வையாது பலகை மீது, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குக. வாடைக் காலத்துக் காற்றே ஈரமுடையது; திறந்து கிடக்கும் உலர்ந்த தூள் அவ்வீரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும்.

அடைக்கும் முறை

மரத்தூளடுப்பின் உயிர் அதன் நடுத் துவாரத்திலே உள்ளது. தகரத்தின் நடுவே ஒரு போத்தலை நிறுத்தி, பக்கத்து ஓட்டை வழியாக ஒரு தடியைச் செலுத்தி, இரண்டையும் சுற்றித் தூளை இறுக்கியபின் போத்தலையும் தடியையும் உருவி எடுத்துவிடுகின்றோம். பக்கத்துச் சுரங்கத்தினூடே புகும் காற்று நடுத் துவாரத்தின் வழியே மேலெழும்பும். துவாரத்தின் உட்சுவரிற் பற்றிய நெருப்பு மெல்ல மெல்ல வெளிநோக்கி நகரும். விறகடுப்பைப் போல் இடையிடையே எரிபொருள் தள்ளிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தகரத்தின் அளவையும் இறுக்கத்தையும் பொறுத்து இரண்டு மணி முதல் நான்கு மணி நேரம் வரை எரியும்.

தடியின் முனை போத்தலின் அடியைத் தொட்டுக்கொண்டிருத்தல் வேண்டும். ஒரு விரலளவு இடைவெளி விட்டாலும் அவ்விடத்தில் தூள் புகுந்து, சுரங்கமும் துவாரமும் சந்திக்காமற் போய்விடும். அத்தகைய அடுப்பை எத்தனை முறை மூட்டினாலும் பயனில்லை. போத்தலை எடுத்தபின் மேலிருந்து துவாரத்துள் நோக்குக. அடியிலே வெளிச்சம் தெரிந்தால் மாத்திரமே தீயிடுக. இச்சிறு சோதனையைச் செய்யாது தீக்குச்சிப் பெட்டியொன்றை முழுவதும் வீணாக்குவோரைக் கண்டிருக்கின்றோம்.

ஒரு அடி விட்டமுள்ள தகரத்துக்கு இரண்டு அங்குல விட்டமுள்ள துவாரம் போதுமானது. அதிலும் ஒடுங்கியதாயின் காற்றுப் போதாது. மிக அகன்றதாயின் முதல் அரைமணியிற் கொழுந்துவிட்டு எரிந்து, உலை கொதிக்கும் வேளையில் அடங்கிவிடும். போத்தலை ஈரமற்ற கடுதாசியாற் சுற்றி நிறுத்தினால் எடுக்கும்போது சுவர் உதிராது. தூளை ஒரே தடவையிற் கொட்டி அமுக்காது, மூன்று அங்குலத்துக்கு ஒரு படையாக இட்டு ஒவ்வொரு படையையும் மரக்கட்டையால் இடித்து இறுக்குக. பெருவிரலால் அழுத்தினால் அடையாளம் படவேண்டும், விரல் புதையக்கூடாது. புதைந்தால் நெருப்புப் பற்றிய சிறிது நேரத்தில் உட்சுவர் சரிந்து துவாரத்தை மூடும். நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பு திடீரெனப் புகைந்தால் பெரும்பாலும் நிகழ்ந்தது இதுவேயாகும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினாலோ நெருப்பு உள்ளே நகர மாட்டாது சோம்பி எரியும்.

சீவுளியால் வரும் சுருள்கள் தூளோடு கலந்திருந்தால் அரித்து நீக்குக. அவை விரைந்தெரிந்து வெற்றிடம் விட்டுச் சுவரைச் சரியச் செய்யும். வர்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, பூச்சி அரியாதிருக்க மருந்தூட்டிய மரம் ஆகியவற்றின் தூளை அடுப்படிக்கு எடுத்துவரவே வேண்டாம். அவற்றின் புகையும் சாம்பலும் நஞ்சுடையன.

காற்றும் பானையும்

பானையை அடுப்பின் வாயில் நேரே அமர்த்துதல் மற்றொரு பொதுவான தவறாகும். மூன்று குமிழ்களோ செங்கற்றுண்டுகளோ வைத்து, தகரத்தின் விளிம்புக்கும் பானையின் அடிக்கும் இடையே ஒரு அங்குல இடைவெளி விடுக. சூடான வாயு வெளியேற வழியில்லாவிடின் புதிய காற்று உள்ளே வரவும் வழியில்லை. குமிழ்கள் நாளடைவில் தேய்ந்தும் வளைந்தும் போவதை எவரும் கவனிப்பதில்லை. பானையின் அடியில் கரும்புகை தடிப்பாகப் படியுமாயின், சுவாலை எரிந்து முடியுமுன்னரே குளிர்ந்த பானையில் முட்டி அணைகின்றது என்பது கருத்து, சற்றே உயர்த்துக. இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்தினால் சூடு பக்கங்களால் வீணாகும்.

காற்றின் திசையையும் நோக்குதல் வேண்டும். முற்றத்தில் வைத்து எரிக்கும்போது சுரங்கவாய் சோழகத்துக்கு நேரெதிரே இருப்பின் நெருப்புச் சீறிச் சுவரை அரித்துவிடும். ஒரு ஓட்டுத் துண்டினால் வாயைப் பாதி மறைத்தால் அடங்கும். மந்தமாக எரியும்போது ஓட்டை நீக்கிவிடுக. எரிவாயு அடுப்பிலே திருகியால் செய்யும் வேலையை இங்கே இவ்வோட்டுத் துண்டு செய்யும். சாம்பல் விழுந்து சுரங்கம் அடைபட்டால் வளைத்த கம்பியால் மெதுவாக இழுத்துவிடல் போதும், குத்திக் கிளறலாகாது.

மூட்டும்போது சுரங்கத்தினுள் நடுத்துவாரத்தின் அடிவரை தீ சென்று பற்ற வேண்டும். உலர்ந்த பன்னாடைத் துண்டோ, சிறிது மண்ணெண்ணெயில் தோய்த்த கடுதாசிச் சுருளோ இதற்குப் போதும். பொலித்தீன் பையைக் கொளுத்தும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். முதல் ஐந்து பத்து நிமிடம் புகை வருதல் இயல்பே. அதன்பின்னும் வெண்புகை நீங்காதாயின் ஈரம். மஞ்சள் கலந்து மூக்கை அரிக்கும் புகையாயின் காற்றுக் குறைவு.

சுவாலை அணைந்து புகை மாத்திரம் எழும் அடுப்பினுள் மண்ணெண்ணெயை ஊற்றுதல் கூடவே கூடாது. எண்ணெய் உடனே ஆவியாகி, தீப்பற்றியதும் முகத்தை நோக்கிப் பாயும். எரியும் கடுதாசித் துண்டொன்றைக் கையை நீட்டித் துவாரத்துள் இட்டு, முகத்தை விலக்கிக்கொள்க. துவாரத்தில் நிறைந்திருக்கும் வாயு "பக்"கென்று பற்றிச் சுவாலையாகும். எரிந்து முடியும் தறுவாயில் தூட்சுவர் மெலிந்து புகை கூடுதலும் உண்டு. அப்போது பானையை இறக்கி அடுப்பை வெளியே வைப்பதே முறை. சூடாறாத தகரத்தில் மீண்டும் தூளை அடைத்தலாகாது.

உமியை எரிப்போருக்கு

உமி மரத்தூளைப் போல் ஒன்றோடொன்று பற்றி நிற்பதில்லை. போத்தலை எடுத்தவுடன் சரியும். மேலும் அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாய் எஞ்சுகின்றது. அச்சாம்பல் பெரும்பாலும் சிலிக்காவாதலின் உமியின் உருவத்தோடேயே நின்று, உள்ளிருக்கும் எரியாத உமிக்குக் காற்றுப் போகாமல் மறைக்கும். ஆகையால் தனி உமியை இவ்வடுப்பில் எரிக்க முயலாது, இரண்டு பங்கு மரத்தூளுக்கு ஒரு பங்கு உமி சேர்த்துக் கலந்து அடைத்துப் பார்க்கலாம். அரைமணிக்கு ஒருமுறை தகரத்தின் பக்கத்தை மெல்லத் தட்டிவிட்டால் சாம்பல் உதிர்ந்து கீழிறங்கும்.

1980ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் அறிமுகமான இரட்டைவாய் மண்ணடுப்பாகிய அனகி அடுப்பு விறகுக்கென அமைந்தது; அதனுள் தூளை இட்டால் புகையே மிஞ்சும். மேனாடுகளில் மரத்தூளையே உயர் அமுக்கத்தில் அழுத்தி, ஆறு முதல் எட்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு உருளைக் கட்டிகளாக்கி, மின்விசிறியும் தானாகக் கட்டிகளைத் தள்ளும் திருகும் பொருத்திய அடுப்புகளில் எரிக்கின்றனர். கடல்கடந்து வாழும் நம்மவர் சிலரும் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க இதனைப் பயன்படுத்துவர். அக்கட்டிகளில் ஈரம் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படலாகாது என்பது அங்குள்ள நியமம். அவ்விலையுயர்ந்த அடுப்பும் கட்டி நனைந்தாலோ, எரிகலத்தின் துளைகளைச் சாம்பல் அடைத்தாலோ நமது தகரத்தைப் போலவே புகைந்து கண்ணாடியைக் கறுப்பாக்கும்.

மூடிய அறையில் வேண்டாம்

பழைய யாழ்ப்பாணத்து வீடுகளிற் குசினி தனிக் கொட்டிலாகவோ புகைக்கூடு உடையதாகவோ இருந்தது. எரிவாயுவை நம்பிக் கட்டிய புதிய வீடுகள் பலவற்றிற் புகைக்கூடும் இல்லை, சாளரமும் சிறிது. அத்தகைய அறையில் மரத்தூளடுப்பை வைத்து எரித்தல் ஆபத்தானது.

கண்ணுக்குத் தெரியும் புகை நம்மை எச்சரித்தாவது விடுகின்றது. காற்றுக் குறைவால் உண்டாகும் காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது குருதியில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினுடன், ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் சேர்ந்துகொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், அயர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். நித்திரையில் இருப்பவருக்கு இவ்வறிகுறிகளை உணரவும் வாய்ப்பில்லை. சுவாலை அணைந்து தணலாய்க் கிடக்கும் அடுப்பே இவ்வாயுவை மிகுதியாக விடுவது. ஆதலால் மாரிக் குளிருக்கென்றோ, நுளம்பை விரட்டவென்றோ, பிள்ளைபெற்ற வீட்டில் அறையைச் சூடாக்கவென்றோ தணலடுப்பைப் படுக்கையறைக்குள் எடுத்துச் செல்லுதல் கூடாது. கோழிக்குஞ்சுகளுக்குச் சூடுகாட்ட இவ்வடுப்பை வைப்போரும் உளர். சுற்றிச் சாக்கினால் மூடிய கூட்டில் குஞ்சுகள் காலையில் இறந்து கிடந்தால், நோய் என்று எண்ணி மருந்து தேடுமுன் அடுப்பைச் சந்தேகித்தல் வேண்டும். எவரேனும் அடுப்பருகே மயங்கி விழுந்திருப்பின், முதலில் கதவுகளைத் திறந்து அவரைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து, தாமதியாது 1990 என்னும் இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழைக்குக.

அடுப்பை வைக்கத் தகுந்த இடம் தாழ்வாரமோ, இரு பக்கமும் திறந்த கொட்டிலோ ஆகும். ஓலைக் கூரையாயின் அடுப்புக்கு நேர்மேலே ஒரு தகரத்தைக் கட்டிவிடுக.

சாம்பல்

நன்கு எரிந்த மரத்தூள் சிறிதளவு வெண்சாம்பலையே விடும். கரித்துண்டுகள் நிறைந்த கறுப்புச் சாம்பல் மிஞ்சினால் இன்னும் காற்றுப் போதவில்லை என அறிக. மரச்சாம்பலிற் பொட்டாசியமும் கல்சியமும் உண்டு. ஆனால் அது காரமுடையது. சுன்னாகத்தைச் சூழ்ந்த செம்மண் சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்தது, புளிப்புத்தன்மை உடையதன்று. எனவே வெங்காயப் பாத்தியிலும் மிளகாய்க் கன்றின் அடியிலும் சாம்பலைக் குவியலாகக் கொட்டாது, கூட்டெருக் குழியில் மெல்லிய படையாகத் தூவுதல் நன்று. உமி கலந்து எரித்தபின் எஞ்சும் உமிக்கரியை நீர் தெளித்து அணைத்து, கூட்டெருவும் மேல்மண்ணும் சேர்த்து நாற்றுமேடைக்கு இடலாம். மண் இறுகாது, நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறாது.

அடுப்பை அடைக்கும் முறையை நேரிற் காண விரும்புவோரும், உமிக்கரியைப் பயன்படுத்தும் முறைபற்றி மேலும் விபரம் வேண்டுவோரும் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.